கயிற்றின் மறுமுனை எங்கே? பெங்களூர் வார இறுதிப் பாறைப் பயண அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சனி, ஞாயிறுகளில் ராமநகரத்துக்கும் சாவனதுர்காவுக்கும் துரஹள்ளிக்கும் ஆட்களைக் கூட்டிப்போகும் தமிழ்க் குழுக்களின் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் அறிவிப்புகளைத் தொடர்ந்து படிக்கிறோம். சில்க் போர்டில் வண்டி எத்தனை மணிக்கு, தட்டு இட்லி எந்த ஊரில், ஷூ எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறது. ஹெல்மெட், ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை), கயிறு எந்த நாட்டுத் தயாரிப்பு என்றுகூடச் சிலர் போடுகிறீர்கள். ராப்பெல்லிங்கில், அதாவது கயிற்றைப் பிடித்துப் பாறையில் இறங்கும்போது, அந்தக் கயிற்றின் மறுமுனை எதில் கட்டப்படும், யார் கட்டுவார், அதை யார் பார்ப்பார் என்ற விவரம் மட்டும் எங்கள் கண்ணில் படவில்லை. இந்த மடல் அந்த மறுமுனையைப் பற்றியது. தமிழில் நங்கூரம் என்று சொல்லலாம். பாறையில் எல்லோரும் ஆங்கர் என்றே சொல்வதால் நாங்களும் அப்படியே எழுதுகிறோம்.

முதலில் பாறை. ராமநகரத்தின் பழைய பெயர் க்ளோஸ்பேட்டை. நிலவியல்காரர்கள் இந்தக் கல்லை இன்றும் க்ளோஸ்பேட் கிரானைட் என்றே அழைக்கிறார்கள். ஏறக்குறைய 250 கோடி வருஷத்துக் கல். கெட்டியானதுதான், ஆனால் வெங்காயம் போலத் தோல் உரிக்கும். மேலே கிடந்த சுமை அரித்துப் போனதாலும், வெயிலில் விரிந்து இரவில் சுருங்குவதாலும் பாறையின் மேல்பரப்பு தகடு தகடாகப் பிரிகிறது. சில தகடுகள் விரற்கடை கனம், சில முழங்கை கனம். பார்ப்பதற்கு மொத்த மலையோடு ஒட்டியிருப்பது போலவே இருக்கும். சிலை செய்கிறவர்கள் கல்லைத் தட்டி ஓசை கேட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இங்கும் அதே சோதனைதான். சுத்தியாலோ ஒரு கனத்த கராபினராலோ (கயிற்றை மாட்டும், திறந்து மூடும் உலோக வளையம்) தட்டுங்கள். கணீரென்றால் சரி. பொத்தென்று, காலிக் குடத்தைத் தட்டியது போல ஒலித்தால் உள்ளே இடைவெளி இருக்கிறது. அந்தத் தகட்டில் இரண்டு போல்ட் அடித்திருந்தாலும் ஆங்கர் கணக்கில் அது ஒன்றுதான். தகடு போனால் இரண்டும் சேர்ந்து போகும்.

மரத்தில் கட்டுகிறவர்கள்தான் உங்களில் அதிகம், அதனால் மரம். பாறை உச்சியில் நிற்கும் மரம் அரையடி மண்ணில் வேர்விட்டிருக்கலாம். பாறை இடுக்கில் முளைத்த ஆலும் அரசும் வேரை ஆப்பு போல இறக்கி, தான் நிற்கும் கல்லையே நெம்பிக்கொண்டிருக்கும். மரம் உறுதியாக இருக்கும், கல் வந்துவிடும். தொடைக் கனத்துக்குக் குறையாத, இலையோடு உயிருள்ள மரமா என்று பாருங்கள். தோளால் முட்டித் தள்ளுங்கள், அடியில் மண் அசைகிறதா என்று கவனியுங்கள். கயிற்றை மரத்தின் இடுப்புயரத்தில் கட்டக் கூடாது. மேலே கட்டினால் மரமே நெம்புகோலாகி வேரைப் பறிக்கும். அடிமரத்தில், வேர் தொடங்கும் இடத்தை ஒட்டிக் கட்டுங்கள். அது பெரிய மரமாக இருந்தாலும் இன்னொரு மரத்தையோ பாறை முனையையோ சேர்த்துக்கொள்ளுங்கள். தனிமரம் தோப்பாகாது என்பது ஆங்கருக்கென்றே சொன்னது போல இருக்கிறது.

உருண்டைப் பாறை என்றால் அது மலையின் பகுதியா, மலைமேல் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியா என்று அடியைச் சுற்றிப் பாருங்கள். சரிவில் சரளைமேல் உட்கார்ந்த கல் ஆட்டோ அளவு இருந்தாலும் நம்பாதீர்கள். நிலையான கல்லைச் சுற்றிக் கட்டும்போதும், இழுக்கும் கோணம் மாறினால் டேப் என்கிற தட்டை நாடா மேலேறிக் கழன்றுவிடுமா என்பதையும் பார்க்க வேண்டும். 25 மில்லிமீட்டர் குழாய் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி, அதில் இரண்டு சுற்றை மட்டும் முன்னால் இழுத்துக் கராபினர் மாட்டுவது நல்ல முறை. முடிச்சு உள்ள சுற்று மரத்தோடு இறுகி நிற்கும், முடிச்சில் சுமை குறையும். டேப்பின் இரு முனைகளையும் சேர்க்கும் அந்த வாட்டர் முடிச்சுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சுமை ஏறி இறங்க ஏற இறங்க அதன் வால் மெல்ல உள்ளே நகரும். காலையில் ஒரு விரல் நீளம் விட்ட வால் மாலையில் காணாமல் போகலாம். குறைந்தது எட்டு சென்டிமீட்டர் வால் விடுங்கள், ஒவ்வொரு ஐந்தாறு பேருக்கும் ஒருமுறை பாருங்கள்.

இனி போல்ட். ஏற்கெனவே அடித்திருக்கும் போல்டைப் பார்த்ததும் யாரோ தெரிந்தவர் அடித்திருப்பார் என்று நம்பிவிடுகிறோம். போல்டின் தலையில் கராபினர் மாட்டுவதற்கான ஹேங்கர் தகட்டில் கிலோநியூட்டன் எண்ணும் ஈஎன் 959 என்ற ஐரோப்பியத் தர முத்திரையும் இருக்கிறதா? ஒரு கிலோநியூட்டன் என்பது சுமார் 100 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். அந்தத் தரத்தில் போல்ட், பாறையை ஒட்டிக் கீழ்நோக்கிய இழுப்புக்கு 25 கிலோநியூட்டனும், நேராக வெளியே பிடுங்கும் இழுப்புக்கு 15 கிலோநியூட்டனும் தாங்க வேண்டும். முத்திரை இல்லாமல் லேத்தில் வெட்டிய தகடு எவ்வளவு தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஹேங்கர் கையால் சுற்றினால் நட்டு தளர்ந்திருக்கிறது. போல்டின் கீழே பாறையில் பழுப்பு ஒழுகல் இருந்தால் வெளியே தெரியாத துரு உள்ளே ஓடியிருக்கிறது. துருப்பிடிக்காத ஹேங்கரைச் சாதாரண இரும்பு போல்டில் மாட்டியிருந்தால் ஈரத்தில் இரும்பு இன்னும் வேகமாக அரிக்கும். போல்டைச் சுற்றிப் பாறையில் வட்டமாக விரிசல் தெரிந்தால் அதில் எதையும் மாட்டாதீர்கள்.

புதிதாகத் துளை போட நினைப்பவர்களுக்கு எங்கள் முதல் வேண்டுகோள், போடாதீர்கள். ராமநகரத்து ராமதேவர பெட்டத்தில் ஒரு பகுதி 2012 முதல் கழுகுச் சரணாலயம். நீண்ட அலகுப் பிணந்தின்னிக் கழுகுகள் அந்தப் பாறை விளிம்புகளில்தான் கூடு வைக்கின்றன. மற்ற இடங்களிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் ட்ரில்லை எடுக்கக் கூடாது. அனுமதியோடு, தெரிந்தவர் துணையோடு போடுகிறீர்கள் என்றால் அதிகம் தவறும் இடம் துளையின் தூசி. கிரானைட் மாவு உள்ளே தங்கினால் விரியும் போல்ட் கல்லைப் பிடிக்காமல் மாவைப் பிடிக்கும். பசை போல்ட் மாவோடு ஒட்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அருமையாக இருக்கும். ஊது, பிரஷ் போடு, மறுபடி ஊது என்று தூசி வருவது நிற்கும்வரை செய்ய வேண்டும். இன்னொரு தவறு, பலம் வேண்டும் என்று ஸ்பானரை முழு மூச்சோடு இறுக்குவது. பத்து மில்லிமீட்டர் போல்ட் அப்படி இறுக்கினால் உள்ளேயே நீண்டு, சுமை ஏறும் முன்பே பலத்தை இழந்துவிடும். தயாரிப்பாளர் தரும் எண்ணுக்கு டார்க் ரென்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) வையுங்கள். இரண்டு போல்டுக்கு நடுவே 20 சென்டிமீட்டராவது இருக்கட்டும். விளிம்பிலிருந்தும் விரிசலிலிருந்தும் அதே அளவு தள்ளி இருக்கட்டும்.

இரண்டு புள்ளிகள் கிடைத்துவிட்டன. இனி அவற்றைச் சேர்ப்பது. ஒரு வாளித் தண்ணீரை இரண்டு பேர் தூக்கும்போது ஒட்டி நின்றால் எளிது. ஆளுக்கு ஒரு பக்கம் விலகி, கை கிடையாக நீள நீளக் கை வலிக்கும். ஆங்கரின் இரண்டு கால்களும் அப்படித்தான். 80 கிலோ ஆள் தொங்கும்போது இரண்டு கால்களும் சேர்ந்திருந்தால் ஒரு காலுக்கு 40 கிலோ. நடுக் கோணம் 60 டிகிரி என்றால் ஒவ்வொன்றுக்கும் 46. 90 டிகிரியில் 57. 120 டிகிரியில் முழு 80. 150 டிகிரியில் ஒவ்வொரு போல்டும் 155 கிலோ சுமக்கிறது. இரண்டாவது போல்ட் உதவிக்கு வந்ததா, உபத்திரவத்துக்கு வந்ததா? 60 டிகிரிக்குள் வையுங்கள். அளக்கக் கோணமானி வேண்டாம். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் முழுதாக விரித்தால் ஏறக்குறைய 90 டிகிரி வரும். ஆங்கர் அதைவிட நன்றாகக் குறுகியிருக்க வேண்டும்.

ஒரு வட்ட ஸ்லிங்கை (தைத்த நாடா வளையம்) இரண்டு போல்டிலும் மாட்டி, கீழ்ப்பக்கத்தைப் பிடித்து இழுத்து, அதில் கராபினர் போடுகிறார்கள். போல்டுகளுக்கு நடுவே ஸ்லிங் கிடையாக ஓடும் இந்த முக்கோணத்தைச் சில குழுக்களின் புகைப்படங்களில் பார்த்திருக்கிறோம். தயவுசெய்து நிறுத்துங்கள். மேலே ஓடும் அந்தக் கிடை இழை போல்டுகளை ஒன்றையொன்று நோக்கி இழுக்கிறது. 60 டிகிரியில் சாதாரண ஆங்கரில் 46 கிலோ வரும் இடத்தில் இதில் முழு 80 கிலோ வரும். 120 டிகிரியில் 155. அதைவிட மோசம், அந்த வட்டத்தில் எங்கே ஓர் இடம் அறுந்தாலும் எல்லாம் போய்விடும்.

சரியாகச் செய்ய ஏழு மில்லிமீட்டர் நைலான் கார்டு (மெல்லிய கயிறு) ஆறு மீட்டர் போதும். இரட்டை ஃபிஷர்மேன் முடிச்சால் வட்டமாக்குங்கள். இரண்டு போல்டிலும் பூட்டுக் கராபினர் மாட்டி அதில் கார்டைப் போடுங்கள். நடுவில் தொங்கும் இழைகளைச் சேர்த்து, சுமை எந்தப் பக்கம் வரப்போகிறதோ அந்தப் பக்கமாக இழுத்து, மொத்தமாக ஒரு ஃபிகர் எய்ட் முடிச்சுப் போடுங்கள். அந்த வளையம்தான் எல்லாவற்றையும் மாட்டும் இடம். முடிச்சு போட்டதால் ஒரு கால் போனாலும் மற்றது அசையாமல் பிடிக்கும். சமமாகச் சுமை பகிர்வதைப் பற்றிப் பலரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். உண்மையில் ஏறுகிறவர் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தாலே சமம் போய்விடும், ஒரு கால்தான் பெரும்பாலும் சுமக்கும். அதனால் ஒவ்வொரு புள்ளியும் தனியாகவே முழுச் சுமையையும் தாங்குமா என்று கேளுங்கள். சமத்துக்காக ஸ்லிங்கில் ஒரு முறுக்கு கொடுத்துச் சறுக்கவிடும் முறையும் உண்டு. ஒரு போல்ட் போனால் ஸ்லிங் சறுக்கி, மிச்ச போல்டில் அந்த நீளம் முழுக்க விழுந்து ஓர் உதறல் உதறும். அந்த முறையைப் பயன்படுத்தினால் இரு கால்களிலும் தடுப்பு முடிச்சுப் போடாமல் விடாதீர்கள்.

ஏழு மில்லிமீட்டர் கார்டின் குறைந்தபட்சப் பலம் ஐரோப்பியத் தரப்படி 9.8 கிலோநியூட்டன், ஆறு மில்லிமீட்டர் என்றால் 7.2. தைத்த ஸ்லிங் 22. கராபினர் நீளவாக்கில் 20 தாங்கும், குறுக்காகத் திரும்பினால் ஏழுதான். அதாவது 20 என்று பொறித்த கராபினர் பாறை விளிம்பில் பக்கவாட்டாகப் படுத்தால் மூன்றில் ஒரு பங்குதான். பூட்டு ஸ்க்ரூ கீழ்நோக்கி இறுகும்படி மாட்டுங்கள். அதிர்வில் தானாகக் கழலாது.

டைனீமா என்ற செயற்கை இழையில் செய்த மெலிந்த ஸ்லிங்குகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. எடை குறைவு, பலமும் உண்டு. ஆனால் அவை நீளவே நீளாது, முடிச்சுப் போட்டால் ஏறக்குறைய பாதிப் பலம் போகும், 150 டிகிரி செல்சியஸுக்கு அருகிலேயே உருகும். நைலான் 200-க்கு மேல்தான் உருகும். ஆங்கரில் ஸ்லிங்கால் தன்னை மாட்டிக்கொண்டு நிற்கும் உதவியாளர் ஆங்கருக்கு மேலே ஏறி நின்று வழுக்கினால், உடம்போடு நீளும் கயிறு ஒன்றும் இடையில் இல்லை. ஓரடி விழுந்தாலும் கல்லில் முட்டியது போல நிற்பார், அல்லது நிற்கமாட்டார். அதனால் உங்கள் ஆட்கள் தங்களை டைனமிக் கயிற்றால், அதாவது சுமையில் நீளும் கயிற்றால், மாட்டிக்கொள்ளட்டும். ஸ்லிங் எப்போதும் இறுகியே இருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் ஓடும் கயிற்றை நேரடியாக ஸ்லிங்குக்குள் விடாதீர்கள். ஒரே இடத்தில் உரசி, ஓடுகிற கயிறு நிற்கிற ஸ்லிங்கை உருக்கி அறுத்துவிடும். பாறையில் வெளுத்துத் தொங்கும் பழைய டேப்புகளைப் பார்த்தால் அறுத்து எடுத்து வாருங்கள்.

விளிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. க்ளோஸ்பேட் கிரானைட்டில் பெரிய ஃபெல்ஸ்பார் மணிகள் துருத்திக்கொண்டு நிற்கும். கயிறு நேராக மடங்குவதைவிடப் பக்கவாட்டாக உரசும்போதுதான் சீக்கிரம் போகும். மடித்த சாக்கு, கேன்வாஸ், பழைய தீயணைப்புக் குழாயின் துண்டு, எதுவானாலும் சரி, அதையும் ஒரு சிறு கயிற்றால் கட்டி வையுங்கள். கட்டாத சாக்கு மூன்றாவது ஆளிலேயே கீழே போய்விடும்.

நாங்கள் மிக அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறோம். பலமான ஆங்கரிலும் ஆட்கள் சிக்குகிறார்கள். வார இறுதி ராப்பெல்லிங்கில் அடிக்கடி நடப்பது ஆங்கர் பிடுங்கிக்கொள்வது அல்ல. தலைமுடி, துப்பட்டா, தளர்ந்த டி-ஷர்ட் நுனி கயிற்றில் இறங்கப் பயன்படும் ஃபிகர் எய்ட் கருவிக்குள் போய்ச் சிக்குவது. பத்து மீட்டர் கீழே ஒருவர் முடி சிக்கித் தொங்குகிறார். கயிறு மரத்தில் இறுக முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறது. அவர் எடை அதில் இருப்பதால் அவிழ்க்கவும் முடியாது. மேலேயிருந்து ஆறு பேர் இழுக்கிறார்கள். சிலர் கத்தியோடு இன்னொரு கயிற்றில் இறங்கத் தயாராகிறார்கள். இறுகிய கயிற்றுக்கு அருகில் கத்தியைக் கொண்டுபோவது ஆபத்தின்மேல் ஆபத்து.

இதற்குத் தீர்வு ஐந்து நிமிஷ வேலை. கயிற்றை ஆங்கரில் முடிச்சாகக் கட்டாதீர்கள். ஆங்கரின் வளையத்தில் அகலமான பேரிக்காய் வடிவப் பூட்டுக் கராபினர் போட்டு, அதில் மண்டர் ஹிட்ச் (சுமையோடு கயிற்றை மெல்ல விட உதவும் சுற்று), அதன்மேல் மியூல் முடிச்சு (அதைப் பூட்டி, இழுத்தால் உருவி வருவது), கடைசியாக ஓர் ஓவர்ஹேண்ட் முடிச்சு. கீழே போகும் கயிறு எவ்வளவோ அவ்வளவு கயிறு மேலேயும் பையில் இருக்க வேண்டும். 30 மீட்டர் பாறைக்கு 60 மீட்டர் கயிறு. பையில் இருக்கும் நுனியிலும் முடிச்சு இருக்கட்டும். யாராவது சிக்கினால், மேலே நிற்பவர் ஓவர்ஹேண்டை எடுத்து, மியூலை உருவி, மண்டர் ஹிட்ச் வழியாகக் கயிற்றோடு அவரையும் மெதுவாகத் தரைக்கு இறக்கிவிடலாம். முடியை அங்கே நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். இதோடு ஒவ்வொருவருக்கும் தனி பிலே கயிறு, அதாவது பாதுகாப்புக் கயிறு, வேறு ஆங்கரில். இறங்குகிறவர் கையை விட்டாலும் அது பிடிக்கும்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், மயங்கிய ஆள் ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் கால்களில் ரத்தம் தேங்கும். அவரை நிமிஷங்களில் இறக்க வேண்டும். அவ்வளவு நிமிஷத்தில் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. 2022 பிப்ரவரியில் பாலக்காட்டு மலம்புழாவில் பாறை இடுக்கில் இரண்டு நாள் போல மாட்டிக்கொண்ட இளைஞரை மீட்க வெலிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ராணுவக் குழுக்கள் போயின. அதே மாதம் நந்தி மலையில் வழுக்கி விழுந்த கல்லூரி மாணவரை விமானப்படை ஹெலிகாப்டர்தான் தூக்கியது. அவர்கள் அருமையாகச் செய்தார்கள். ஆனால் 112-ஐ அழைத்துவிட்டுக் காத்திருப்பதை உங்கள் மீட்புத் திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது.

மேலே இழுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கணக்கு மாறும். மீட்பவரும் சிக்கியவரும் சேர்ந்தால் 200 கிலோ, இரண்டு கிலோநியூட்டன். கயிற்று மீட்பில் பத்து மடங்கு பலம் என்பது பலரும் பின்பற்றும் அளவு, அதாவது 20 கிலோநியூட்டன். மதியம் ராப்பெல்லிங்குக்குப் போதுமாயிருந்த ஆங்கர் இதற்குப் போதாமல் இருக்கலாம். மூன்றாவது புள்ளி சேருங்கள். கப்பி இல்லாமல் கராபினர்களை வைத்து, இழுக்கும் விசையை மூன்று மடங்காக்கும் மூன்றுக்கு ஒன்று முறையில் இழுத்தால் உராய்வு போக இரண்டு மடங்குதான் கையில் நிற்கும். ஆறு பேர் சேர்ந்து இழுக்கும்போது சிக்கியவர் ஏதாவது தொங்கு பாறைக்குக் கீழே தலை முட்டி நின்றால், அந்த மொத்த விசையும் அவர் மேலும் ஆங்கர் மேலும் போகும். ஒருவர் விளிம்பில் நின்று கண்ணால் பார்த்துக்கொண்டே குரல் கொடுக்க வேண்டும்.

கம்பெனிக் குழுக்களுக்காக நீங்கள் கட்டும் பர்மா பாலத்துக்கும் (கயிற்றுப் பாலம்) ஜிப் லைனுக்கும் (கயிற்றில் சறுக்கிப் போவது) இதே எச்சரிக்கை. மொட்டைமாடியில் கொடிக்கயிற்றை விறைப்பாகக் கட்டி ஈரப் போர்வையைப் போட்டால் ஆணி பிடுங்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். 20 மீட்டர் கயிற்றில் நடுவே 80 கிலோ ஆள். கயிறு இரண்டு மீட்டர் தொய்ந்தால் ஒவ்வொரு முனையிலும் சுமார் 200 கிலோ இழுப்பு. ஒரு மீட்டர்தான் தொய்ந்தால் 400. அழகாக நேராக நிற்கட்டும் என்று ஆட்களை வைத்து இறுக்கினீர்களானால் மரம் தாங்கலாம், கராபினர் தாங்கலாம், கயிறு பிடிக்கும் கருவியில் கயிற்றின் உறை கிழிந்துவிடும். தொய்யட்டும் விடுங்கள்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். மலைத்தேனீக் கூடு பார்வையில் இருக்கும் பாறையில் ஆங்கர் வேண்டாம். சுத்தித் தட்டலும் கூட்டமும் போதும், கலைந்துவிடும், கயிற்றில் தொங்குகிறவருக்கு ஓட இடமில்லை. கயிறும் ஸ்லிங்கும் பயன்படுத்தாமல் பரணில் கிடந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பதுதான் பெரும்பாலான தயாரிப்பாளர்களின் அளவு. வாங்கிய தேதியைப் பார்க்காதீர்கள், தயாரித்த தேதியைப் பாருங்கள்.

அவசரம்தான் இதற்கெல்லாம் அடியில் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். ஏழு மணிக்கு நாற்பது பேர் பாறையடியில் நிற்பார்கள், பத்து மணிக்குக் கல் சுடத் தொடங்கும், நடுவில் எல்லோரும் ஒருமுறை இறங்கியாக வேண்டும். ஆங்கருக்கு மட்டும் முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதற்கு இரண்டு பேர் முந்தின வண்டியில் போகட்டும். ஒருவர் கட்டட்டும். இன்னொருவர், கட்டும்போது உதவி செய்யாதவர், கடைசியில் வந்து ஒவ்வொரு புள்ளியையும் தொட்டு, ஒவ்வொரு பூட்டையும் திருகி, இது போனால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கட்டும். இரண்டாமவர் தலையாட்டும்வரை யாரும் விளிம்புக்கு வரக் கூடாது.

அடுத்த பயண அறிவிப்பில் வண்டி நேரத்துக்கும் டிபனுக்கும் கீழே இரண்டு வரி சேருங்கள்: ஆங்கர் கட்டுபவர் யார், சரிபார்ப்பவர் யார். பெயர் போட ஆள் இல்லையென்றால் அந்த வாரம் ராப்பெல்லிங்கை விட்டுவிட்டு சாவனதுர்காவில் நடந்தே ஏறி இறங்குங்கள். அதுவும் நல்ல நாள்தான்.

இப்படிக்கு,
பெங்களூர்ப் பாறைகளில் கயிறு கட்டிப் பழகிய சிலர்